கடலுக்கடியில் சரிந்த மலை

ஹிஜ்ரி 897ஆம் ஆண்டு (1492) கிரனடா வீழ்ந்தது. அந்தலூஸின் கடைசி சுல்தான் அபூ அப்தில்லாஹ் முஹம்மது மறு ஆண்டே கடல் கடந்து மொராக்கோவின் ஃபெஸ் நகரை அடைந்தார். அக்காலத்தில் கிரனடாவிலிருந்து வெளியேறிய மக்கள், பாழ்பட்டுக் கிடந்த தித்வான் நகரைப் புதுப்பித்துக் குடியேறினர். அவர்கள் கடந்த நீர்ப்பரப்பு அல்போரான் கடல். இரு நிலங்களைப் பிரிக்கும் எல்லையாக நாம் அறிந்த அக்கடலின் அடியில் கிடப்பது சரிந்துபோன ஒரு மலைத்தொடரே என்பது நிலவியலார் முடிபு.

கிரனடாவின் தென்கிழக்கே சியரா நெவாடா ஓங்கி நிற்கிறது. ஏறத்தாழ 3,480 மீட்டர் உயரமுள்ள அதன் சிகரமான முல்ஹசேன், அந்தச் சுல்தானின் தந்தை மௌலாய் ஹசனின் பெயரைத் தாங்கியது. இம்மலை அடங்கிய பெட்டிக் தொடர் மேற்கே வளைந்து, ஜபலுத் தாரிக் நீரிணைக்கு அப்பால் மொராக்கோவின் ரிஃப் மலைகளாய்த் தொடர்கிறது. குதிரை லாடம் போன்ற அவ்வளைவின் நடுவே கடல்.

இஃது எவ்வாறு நேர்ந்தது? ஆப்பிரிக்க, ஐரோப்பிய நிலத்தட்டுகள் நெருங்கியபோது இடைப்பட்ட பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டு மலை எழுந்தது. 1989இல் பிளாட், விஸர்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் ஒரு விளக்கம் தந்தனர். மலையைக் கீழிழுத்துப் பிடித்திருந்த குளிர்ந்த, கனத்த அடிவேர் கழன்று அமிழ்ந்தது; மலை மேலும் உயர்ந்து, பின் தன் பாரத்தாலேயே பக்கவாட்டில் பரந்து சரிந்தது என்றனர். புவியின் உள்ளே அமிழ்ந்த தட்டு மேற்கு நோக்கிப் பின்வாங்கி, மேலோட்டை இழுத்து மெலிவித்தது என்பது மற்றொரு விளக்கம். இன்று பலர் இதன் பக்கம் சாய்கின்றனர். காரணத்தில் கருத்து வேறுபாடு உண்டு; விளைவில் இல்லை. மலைகளின் கீழ் 35 கிலோமீட்டருக்கு மேல் தடித்த மேலோடு, கடலின் நடுவே சுமார் 15 கிலோமீட்டராய் மெலிந்துள்ளது. 1995இல் கடலடியைத் துளைத்தவர்கள், படிவுகளுக்குக் கீழே பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய மலைப்பாறைகளையே கண்டனர்.

மலைகள் நிலம் உயர்வதாலும், நீர் சுற்றுப்புறத்தை அரிப்பதாலும் உருவாகின்றன என்று இப்னு ஸீனா (980–1037) 'ஷிஃபா'வில் எழுதினார். அப்பகுதி லத்தீனில் நெடுங்காலம் அரிஸ்டாட்டிலின் பெயரில் உலவியது. இன்றைய கண்டுபிடிப்பை அவர் அன்றே கூறிவிட்டார் என்று பெருமை பேசுதல் முறையன்று. வேர் கழன்று மலை சரிவதை அவர் அறியார். மலைக்கும் பிறப்பும் தேய்வும் உண்டு, அவற்றைக் காரணம் கொண்டே ஆராய வேண்டும் என்னும் நோக்கே அவர் விட்டுச்சென்ற செல்வம்.

அந்நோக்கோடு பார்த்தால் அல்போரான் வெறும் பிரிவின் கடலன்று. அகதிகள் வீடு கட்டிய தித்வானின் மலையும், அவர்கள் பிரிந்த கிரனடாவின் மலையும் ஒரே தொடரின் இரு கரங்கள்.