உண்ணிச்செடி ஒழிப்பு

உண்ணிச்செடி ஒரு முட்புதர். தாயகம் நடு, தென் அமெரிக்க வெப்பப் பகுதிகள். முதுமலை, சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைக் காடுகளில் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து, புல்லையும் மரக்கன்றுகளையும் தலையெடுக்க விடுவதில்லை. இலையிலுள்ள லாண்டடீன் நச்சு மாடுகளின் ஈரலைத் தாக்கும்.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள். தோட்டக்காரர்கள் பூவின் நிறத்துக்காக ஒட்டிக் கலந்து உருவாக்கிய வகைகளே 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. பங்களா வேலிக்கு நட்டது, பழம் தின்ற கொண்டைக்குருவிகளால் காடேறியது.

ஒழிக்கும் முயற்சியும் பழையதே. 1902இல் ஹவாய்த் தீவுகளில் மெக்சிகோவிலிருந்து பூச்சிகள் கொண்டுவந்து விடப்பட்டன. அந்த வழியில் நம்பிக்கை வைத்து, இந்தியாவிலும் பர்மாவிலும் உண்ணிச்செடியைத் தின்னும் பூச்சிகளை 1916 முதல் 1919 வரை ஒய். இராமச்சந்திர ராவ் தேடித் தொகுத்தார். 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. அது தேக்கின் பூவையும் பதம்பார்ப்பது தெரிந்ததும் வளர்ப்பை அழித்துவிட்டார்கள். ஆனாலும் பத்தாண்டுக்குள் அந்தப் பூச்சி வெளிக்காட்டில் தென்பட்டது! கோடையில் அது புதரின் இலையை உதிர்க்கும். மழை விழுந்ததும் புதர் பழையபடி தழைத்துவிடும். பூச்சியை நம்பிப் பயனில்லை.

வெட்டினாலும் எரித்தாலும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். டெல்லி பல்கலைக்கழகத்தின் சுரேஷ் பாபு குழு கண்ட முறைதான் உருப்படியானது. மண்ணுக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்துக்கு அடியில் ஆணிவேரை வெட்டுகிறார்கள். பிறகு புதரை நெம்பித் தூக்கி, வேர் வானம் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறார்கள். வெட்டுக்குக் கீழே தங்கிய வேர் துளிர்ப்பதில்லை. கவிழ்த்த தூரும் மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும். பறவை வந்து அமரும் மரங்களின் அடியில் முளைக்கும் நாற்றுகளை அடுத்த சில ஆண்டுகள் பிடுங்கியாக வேண்டும். காலியான இடத்தில் நாட்டுப் புல்லை விதைக்கவும் வேண்டும். இதைத் தவிர்த்தால் செலவு வீண்.

பிலிகிரிரங்கன் மலையின் சோலிகப் பழங்குடியினர், கோடைச் சருகுக்குத் தாங்கள் வைத்துவந்த தீயை வனத்துறை தடுத்த பிறகே புதர் மண்டியதாகச் சொல்கிறார்கள். 1997க்கும் 2008க்கும் இடையே அங்கு அது ஏறக்குறைய இருமடங்கு பரவியது அவர்கள் பேச்சுக்கு வலுச் சேர்க்கிறது.

வெட்டிய கழிகளில் கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் செய்த யானை உருவங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கை வெளியிட்டது.