பரீட்சையும் பாதையும்: சப்ரகமுவத் தோட்டப்புறங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

'தரப்படுத்தல்' என்னும் சொல் இலங்கைத் தமிழரிடையே கசப்பான நினைவுகளை எழுப்புவது. 1970களின் பல்கலைக்கழக அனுமதிக் கொள்கையே அச்சொல்லோடு உடன்தோன்றும் நினைவு. ஆயின் கல்வியியலாளர் அதனை வேறொரு பொருளிலும் வழங்குவர். எவ்விடத்திலிருந்து தோற்றினும் பரீட்சார்த்திகள் யாவரையும் ஒரே அளவுகோல் கொண்டு மதிப்பிடும் பரீட்சை, தரப்படுத்தப்பட்ட பரீட்சை எனப்படும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர விழைவோர் எழுதும் ஐ.ஈ.எல்.ரி.எஸ்., டோஃபல், ஜீ.ஆர்.ஈ. முதலியன இவ்வகையைச் சார்ந்தன. ஒரே அளவுகோல் என்பதனால் மட்டும் நீதி நிறைவேறிவிடுமா என்னும் வினாவுக்கு விடை காண, நகரப் பாடசாலைகளின் வரலாற்றைக் காட்டிலும் குருவிட்ட போன்றதொரு தோட்டப்புறத்தின் வரலாறே பெரிதும் துணைசெய்யும்.

கடல் கடந்து வந்த பரீட்சை இந்நாட்டிற்குப் புதியதன்று. கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880இலும், இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகள் 1882இலும் இங்கு அறிமுகமாயின. வினாத்தாள்கள் கப்பலில் வந்தன. விடைத்தாள்கள் கப்பலிலேயே திரும்பிச் சென்றன. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்ட பின்னரும், அதன் மாணவர் இலண்டனின் வெளிவாரிப் பட்டங்களுக்கே ஆயத்தம் செய்யப்பட்டனர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை இந்நிலை நீடித்தது.

இப்பரீட்சை முறையால் நன்மையே விளையவில்லை என்பது பொருந்தாது. அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜ் சென்ற பொன்னம்பலம் அருணாசலம், போட்டிப் பரீட்சையில் தேறி 1875இல் இலங்கைச் சிவில் சேவையுள் நுழைந்தார். ஆங்கிலேயரின் தனியுடைமை போலிருந்த பதவியின் வாயிலை ஒரு பரீட்சையே அவருக்குத் திறந்தது. விடைத்தாள் எழுதியவனின் நிறத்தைக் காட்டுவதில்லை. பரீட்சையின் சிறப்பு அதுவே. எனினும், விடைத்தாளை எழுதும் மேசைவரை வந்து சேர்ந்தவனுக்கு மட்டுமே அச்சிறப்புப் பயன்படும்.

கொழும்பு – இரத்தினபுரி வீதியில், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது குருவிட்ட. 1912இல் களனிவெளிப் புகையிரதப் பாதை இரத்தினபுரிவரை நீண்டது. இப்பகுதியின் தேயிலையும் இறப்பரும் சென்றடைந்த கொழும்புத் துறைமுகத்திலிருந்தே கேம்பிறிட்ஜ் விடைத்தாள்களும் கப்பலேறின. ஆனால் அவ்விடைத்தாள்களிடையே தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் எழுதியன இருந்திருக்க வழியில்லை. 1920ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தது. பத்து வயதுக்குப் பின் அப்பிள்ளைகளுக்கு எஞ்சியது கொழுந்துக் கூடையும் பால்வாளியுமே. 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் வாயிலாக உயர்கல்விக்குக் குரல்கொடுத்த அருணாசலமே, 1919இல் தொழிலாளர் நலன் பேண ஒரு சங்கத்தையும் தோற்றுவித்தார் என்பது மனங்கொளத்தக்கது. இவ்விரு முயற்சிகளையும் ஒருவரே மேற்கொண்டாராயினும், அவற்றை இணைக்கும் பாதையை அரசு அமைக்கவில்லை.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டின் கிராமங்கள் பலவற்றில் அது ஒரு தலைமுறையையே உயர்த்திற்று. தோட்டப் பாடசாலைகளோ நிருவாகங்களின் பொறுப்பிலேயே தொடர்ந்து கிடந்தன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்களை நாடற்றவராக்கியது. கடவுச்சீட்டும் அரசாங்க உத்தியோகமும் அவர்களுக்கு எட்டாதனவாயின. வெளிநாடு சென்று கற்பதற்கு முதலில் வேண்டுவது பரீட்சைப் பெறுபேறன்று, ஒரு நாட்டின் பிரஜை என்னும் தகுதியே என்பதை இம்மக்களின் வரலாறு உணர்த்துகின்றது. இக்குறை சட்டத்தளவில் முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்நிலையிலேதான் மற்றைத் 'தரப்படுத்தல்' வந்தது. 1970 – 71 அனுமதியில் மருத்துவத் துறைக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400 புள்ளிகளில் 250 பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமானதாயிற்று. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் நடைமுறைக்கு வந்தன. யாழ்ப்பாணத்துச் சிறந்த கல்லூரியில் பயின்றவனும் சப்ரகமுவத் தோட்டப் பாடசாலையில் பயின்றவனும் மொழியால் ஒன்றாதலின் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்பட்டனர். மாவட்ட ஒதுக்கீடு சனத்தொகையை அடிப்படையாகக் கொண்டமையால், தோட்டத் தொழிலாளர் எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டனர். கிடைத்த இடங்களிலோ அவர்தம் பிள்ளைகளைக் காண்பது அரிதாயிற்று.

நுவரெலியாவைப் போலன்றி, சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. ஆதலால் தமிழ்ப் பாடசாலைகளும் சிறியனவாகவே அமைந்தன. தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்கும் வாய்ப்பு நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 1970களின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது நற்றிருப்பமே. ஆனால் 1977இலும் 1981 ஆகஸ்டிலும் 1983 யூலையிலும் நிகழ்ந்த வன்செயல்களால் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். குடும்பங்கள் பல வடக்கு நோக்கி இடம்பெயர்ந்தன. ஆண்டுக்கணக்கில் அமைதியாகப் பள்ளி செல்ல இயலாத பிள்ளைக்கும், அவ்வாறு சென்ற பிள்ளைக்கும் பரீட்சை மண்டபத்தில் ஒரே மணிக்கூடே வைக்கப்படுகின்றது.

இன்றைய பரீட்சைகளையும் இவ்வரலாற்றோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும். அமெரிக்காவில் எஸ்.ஏ.ரி. 1926இலும், டோஃபல் 1964இலும் தொடங்கின, ஐ.ஈ.எல்.ரி.எஸ். 1989இல் நடைமுறைக்கு வந்தது. மொழிப் பரீட்சைகள் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு திறன்களை அளப்பன. அவற்றின் பெறுபேறு பொதுவாக இரண்டு ஆண்டுகளே செல்லும். மறுமுறை விண்ணப்பிப்பவர் மறுமுறையும் எழுத நேரலாம். ஒரு தடவைக்குரிய கட்டணமே தோட்டத் தொழிலாளி ஒருவரின் மாத வருமானத்தை விஞ்சுவது. வீட்டிலோ பாடசாலையிலோ ஆங்கிலம் பேசக் கேளாத மாணவரிடம் பேசும் திறனைக் கணிக்கும்போது, அங்கே அளக்கப்படுவது அவர்தம் அறிவு மட்டுமன்று. அவர் கடந்துவந்த தூரமுமாகும்.

ஆகவே பரீட்சைகளை ஒழித்தல் தீர்வாகாது. பரீட்சை இல்லாத இடத்தில் செல்வாக்கும் சிபாரிசுமே ஆட்சிபுரியும். அவை தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னும் எட்டாதவை. தோட்டப்புறப் பாடசாலைகளுக்கு நிலையான ஆங்கில ஆசிரியர், தமிழ்மொழி மூல விஞ்ஞானக் கல்வி, பரீட்சைக் கட்டணத்தையும் உள்ளடக்கிய உதவிநிதி ஆகியனவே வேண்டப்படுவன. அளவுகோலை ஒன்றாக்குதல் எளிது. அதனருகே வந்து நிற்பதற்கான பாதையை ஒன்றாக்குதலே அரிது. கேம்பிறிட்ஜ் வினாத்தாள் கப்பலில் வந்திறங்கிய நாள் தொட்டு இந்நாடு எளியதைத் திரும்பத் திரும்பச் செய்துள்ளது. அரியதைச் செய்யும் கடமை இன்னும் எஞ்சி நிற்கின்றது.