பாய்ஜியின் முகாம்கள்

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகப் பல ஆண்டுகள் இருந்தேன். அந்த வேலையை எங்கே கற்றீர்கள் என்று இளைய ஆசிரியர்கள் கேட்டால், எஸ்.என். சுப்பாராவ் நடத்திய முகாம்களில் என்றுதான் சொல்வேன். வடக்கே அவரை எல்லோரும் பாய்ஜி என்றே அழைத்தார்கள். அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் 'எஸ்' நம் சேலம்தான் என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. சேலம் நஞ்சுண்டய்யா சுப்பாராவ் 1929-ல் பெங்களூரில் பிறந்தார். 1942 ஆகஸ்டில், 13 வயதுப் பையனாக, வெள்ளையனே வெளியேறு என்று சுவரில் எழுதிக் கைதானார். பிறகு ஹர்டீகர் தொடங்கிய காங்கிரஸ் தொண்டர் படையான சேவா தளத்தில் சேர்ந்து வளர்ந்தார். காக்கி அரைக்கால் சட்டையும் வெள்ளைக் கதர்ச் சட்டையும் கடைசிவரை அவர் உடுப்பு.

அவருடைய முகாம்களைப் போல, வேற்று ஊர் இளைஞர்களை ஒன்றாக மண்வெட்டி பிடிக்க வைக்கும் முறை அவருக்கும் முந்தியது. முதல் உலகப் போரில் தரைமட்டமான பிரெஞ்சு கிராமம் ஒன்றைக் கட்டியெழுப்ப, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் செரெசோல் 1920-ல் சில தொண்டர்களோடு போனார். வெர்தூன் அருகே உள்ள எஸ்ன் என்ற அந்த ஊருக்கு அவரோடு ஜெர்மானியர் சிலரும் போயிருந்தார்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். ஊரில் பகை ஆறவில்லை, வேலை பாதியில் நின்றது. முறை மட்டும் பிழைத்துக்கொண்டது. 1934-ல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் வந்தபோது செரெசோல் இங்கே வந்து, முசாபர்பூர் பக்கம் கிராமங்களை மறுபடி கட்டும் வேலையில் இறங்கினார்.

சுப்பாராவின் பெரிய தொடக்கம் 1969, காந்தி நூற்றாண்டு. அண்ணலின் வாழ்வைக் காட்டும் கண்காட்சி ரயிலை அவர் நாடெங்கும் கொண்டுபோனார். 1970-ல் மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில், ஜௌராவில், காந்தி சேவா ஆசிரமம் வந்தது. அவர் முகாம்களை நடத்திய தேசிய இளைஞர் திட்டம் என்ற அமைப்பும் அப்போதுதான் உருவானது. சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளையர்கள் ஆண்ட காலம் அது. 1972 ஏப்ரலில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் மோகர் சிங், மாதோ சிங் போன்றவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தது அந்த ஜௌரா பக்கத்தில்தான்.

காந்தி நூற்றாண்டான அதே 1969-ல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டமும் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டில் இருந்து வடக்கே முகாமுக்குப் போவது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயம் ஆறவில்லை. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கையை ஏற்ற நம் சட்டமன்றம், என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்றும் தீர்மானம் போட்டிருந்தது. ஒருமைப்பாடு என்று டெல்லியில் யாராவது சொன்னாலே, அடுத்து இந்திதான் வரும் என்று நாங்கள் நினைத்தோம். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அந்தச் சந்தேகத்தோடுதான் நானும் பாய்ஜியின் முகாமுக்குப் போனேன். அங்கே மொழி வகுப்பு இருந்தது. தமிழ்ப் பையன் இந்தி படிப்பதோடு அது முடியவில்லை. பீகார் பையன் தரையில் உட்கார்ந்து தமிழ் எழுத்து எழுதினான். கற்றுக்கொடுத்தவன் எங்கள் குழுவின் முதலாண்டு மாணவன். "சாப்பிட்டீங்களா?" என்பதைப் பிடித்துக்கொண்ட அந்த பீகார் பையன், அன்று முழுக்க எதிரே வந்த அத்தனை பேரையும் கேட்டுத் தீர்த்தான். ஊரில் பேச வாய் திறக்காத என் மாணவன் மறுநாள் முதல் நிமிர்ந்து நடந்தான். கற்பவன், கற்பிப்பவன் என்ற இரண்டு இடத்திலும் எல்லோரும் மாறி மாறி உட்கார்ந்தால்தான் அது உறவு, மற்றதெல்லாம் திணிப்பு.

படுக்கையில்கூட ஒரே மாநிலத்தார் அடுத்தடுத்து விரிக்க முடியாது. சமையல் குழுவிலும் அப்படியே கலந்து போட்டிருந்தார்கள். ஒருநாள் மதுரைப் பையன் ரசம் வைக்கப் போனான், புளி இல்லை. ராஜஸ்தான் பெண் மாங்காய்த் தூளை எடுத்து நீட்டினாள். ஒரிசாக்காரர் ஒருவர் தாளிக்க வந்து, கடுகோடு சோம்பும் வெந்தயமும் கருஞ்சீரகமும் சேர்த்துப் போட்டுவிட்டார். மதுரைப் பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் பந்தியில் அண்டா காலியானது. காலையில் சிரமதானம், மாலையில் சர்வமதப் பிரார்த்தனை, இரவில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பாட்டாக 'பாரத் கீ சந்தான்' நிகழ்ச்சி. பாய்ஜி தமிழிலும் பாடுவார். இவற்றையெல்லாம் எப்படி ஏற்பாடு செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் நாங்கள் இளைஞர்களோடு வேலை செய்யக் கற்றோம். தனியாகப் பாடத்திட்டம் என்று ஒன்றும் இல்லை.

பாபர் மசூதி இடிக்கப்பட்ட மறு ஆண்டு, 1993-ல், அவர் நல்லிணக்க ரயில் பயணம் தொடங்கினார். ரயில் நிற்கும் ஊர்களில் இளைஞர்கள் சைக்கிளில் தெருத்தெருவாகப் போனார்கள். ஊர் ஊராக ரத்தம் சிந்திய ஒரு காலத்துக்குப் பின் அந்தச் சைக்கிள்கள் போனதை நான் பெரிய காரியமாகவே மதிக்கிறேன்.

பின்னாளில் மாணவர்களை வேறு சில முகாம்களுக்கு அழைத்துப் போனேன். மாநிலவாரியாக அறை, மாநிலவாரியாக மேசை, மேடையில் மாநிலவாரியாக நடனம். கடைசி நாள் சான்றிதழ். ஐந்து நாள் பக்கத்து அறையில் தங்கியிருந்த அசாம் மாணவர் ஒருவரின் பெயர்கூட எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. இதற்கு ஏன் அத்தனை தூரம் ரயிலில் போக வேண்டும்?

பாய்ஜி 2021 அக்டோபர் 27 அன்று ஜெய்ப்பூரில் காலமானார். இன்று முகாம் நடத்தப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சிறப்பு விருந்தினர் பட்டியலை உதவியாளரிடம் கொடுங்கள். அறைப் பட்டியலையும் சமையல் முறைப் பட்டியலையும் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.