மின்கிட்டாருக்கான வால்வு பிரீஆம்ப்

மின்கிட்டாரின் பிக்கப்பில் பிறக்கும் சிறிய சிக்னலை வெற்றிடக் குழாய் (வால்வு) வழியாகப் பெருக்கி, தொனியை வடிவமைத்து, பவர் ஆம்ப்ளிஃபயருக்கோ மிக்சருக்கோ அனுப்பும் கருவி வால்வு பிரீஆம்ப். முழு வால்வு ஆம்ப்ளிஃபயரின் முன்பாதியைத் தனிப் பெட்டியில் அடைத்தது என்று இதைச் சொல்லலாம். ஸ்பீக்கரை அசைக்கும் ஆற்றல் இதற்குக் கிடையாது. ஆனால் கிட்டாரின் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதில் பெரும்பகுதி இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் வட்டாரத்தில் கிட்டார் வாசிப்பவருக்கு இந்த முன்பாதி ஒன்றே பெரும்பாலும் போதும். கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரி, கல்யாண வரவேற்பு, தேவாலயப் பாடல் குழு என்று எங்கே வாசித்தாலும் கிட்டாரின் வயர் கடைசியில் சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சரில்தான் போய்ச் சேர்கிறது. மேடையில் கனத்த வால்வு ஆம்ப்பை ஏற்றி, அதன் முன்னால் மைக் வைத்துப் பிடிப்பதற்கு இடமும் நேரமும் அங்கே அரிது.

வேலை செய்யும் விதம்

குழாய்க்குள் ஹீட்டர் சூடாகிறது. அது சுற்றியுள்ள கேத்தோடைச் சூடாக்க, எலெக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. உயர் மின்னழுத்தத்தில் இருக்கும் பிளேட் அவற்றை இழுக்கிறது. இடையில் நிற்கும் கிரிட் என்னும் கம்பிவலையில் கிட்டார் சிக்னல் ஏறி இறங்க, பிளேட்டுக்குப் போகும் எலெக்ட்ரான் ஓட்டமும் கூடிக் குறைகிறது. 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய ஆடியான் குழாயின் தத்துவம் இதுதான், இன்றுவரை மாறவில்லை.

கிட்டார் உலகில் மிகுதியாகப் புழங்கும் குழாய் 12ஏஎக்ஸ்7. ஐரோப்பியப் பெயர் இசிசி83. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் இதை 1947-இல் வெளியிட்டது; டிரான்சிஸ்டர் பிறந்ததும் அதே ஆண்டின் டிசம்பரில்தான். ஒன்பது முள் கொண்ட இச்சிறு குழாய்க்குள், மேலே சொன்ன கேத்தோடு-கிரிட்-பிளேட் அமைப்பான டிரையோடுகள் இரண்டு உள்ளன. பெருக்கக் காரணி 100. பிளேட்டில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்த வழக்கமான சுற்றில், ஒரு டிரையோடு சிக்னலைச் சுமார் 50 முதல் 60 மடங்கு பெருக்கும். பிக்கப்பிலிருந்து பத்தில் ஒரு பங்கு வோல்ட் வந்தால், முதல் கட்டத்தைத் தாண்டும்போது அது ஐந்தாறு வோல்ட்டாக நிற்கிறது.

வால்வின் சிறப்பு, அது எல்லையை எட்டும் விதத்தில் இருக்கிறது. அலையின் ஒரு பக்கம் கிரிட் மின்னோட்டத்தால் மழுங்குகிறது. மறுபக்கம் குழாய் அணைந்துபோவதால் மழுங்குகிறது. இரு பக்கமும் ஒரே அளவில் மழுங்காததால் இரட்டை வரிசை ஹார்மோனிக்குகள், முதன்மையாக மேல் ஸ்தாயி ஒலி, சேர்கின்றன. மழுங்கலும் திடீரென்று வராமல் படிப்படியாக வருகிறது. அதனால் மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் கரகரப்பு என்று விரலுக்குப் பதில் சொல்கிறது கருவி. வால்வு பிரீஆம்ப் வாங்குவதற்கு உள்ள ஒரே வலுவான காரணம் இந்தப் பதில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

வரலாறு

ஃபெண்டரின் 1959 பேஸ்மேன் ஆம்ப்பின் முதல் கட்டத்தில் 12ஏஒய்7 என்ற குறைந்த பெருக்கமுள்ள குழாய் இருந்தது. 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் அதே சுற்றை ஒட்டிச் செய்தபோது அந்த இடத்தில் இசிசி83 வந்தது. பெருக்கம் கூடியது, ராக் இசையின் கரகரத்த தொனிக்கு அடிப்படையும் கிடைத்தது. 1970களில் கலிஃபோர்னியாவின் ராண்டல் ஸ்மித், மெசா பூகி ஆம்ப்களில் ஒரு கட்டத்தின் பின் இன்னொன்றாகக் கட்டங்களை அடுக்கினார். அதன் பிறகு, பவர் ஆம்ப்பை முழுச் சத்தத்தில் வைக்காமலேயே பிரீஆம்ப்பில் டிஸ்டார்ஷன் என்னும் கரகரப்பைப் பெறலாம் என்றாயிற்று. தனிப் பெட்டியாக பிரீஆம்ப் விற்பதற்கு வழி திறந்ததும் இதுவே. 1987-இல் ஏடிஏ எம்பி-1, 1992-இல் மார்ஷல் ஜேஎம்பி-1 ஆகியவை தொனிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் ரேக் வகைகளாக வந்தன. இன்று அதிகம் விற்பவை காலால் மிதிக்கும் பெடல் வடிவங்கள்.

தமிழ்நாட்டுக்கு வால்வு கிட்டார் வழியாக வரவில்லை. ரேடியோவும் மைக் செட்டுமே அதைக் கொண்டுவந்தன. 1940-இல் தொடங்கிய டெல்லியின் அஹூஜா நிறுவனம் போன்றவற்றின் வால்வு ஆம்ப்ளிஃபயர்களும் கூம்பு ஸ்பீக்கர்களும்தான் ஊர்த் திருவிழாக்களின் ஒலியாக இருந்தன. 1954-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் ரேடியோ வால்வுகளை உற்பத்தி செய்தது. கிட்டாருக்கென்றே செய்த வால்வு ஆம்ப் இங்கே ஒரு சந்தையாக வளரவில்லை; இந்திய மேடைகளில் ஸ்ட்ரேஞ்சர் போன்ற டிரான்சிஸ்டர் பெட்டிகளே பரவின.

தேர்வு

பிரீஆம்ப்பின் வெளியீடு எங்கே போகிறது என்பதே முதல் கேள்வி. மிக்சருக்குப் போவதானால் ஸ்பீக்கர் சிமுலேஷன் கட்டாயம் வேண்டும். 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாகச் சரிந்துவிடும். பொதுமேடை ஸ்பீக்கரோ மேலேயுள்ள எல்லாவற்றையும் ஒலிக்கும். சிமுலேஷன் இல்லாமல் டிஸ்டார்ஷன் தொனியை நேரடியாக மிக்சரில் விட்டால் தேன்கூட்டைக் கலைத்தது போல் இரைச்சல் கேட்கும். எளிய வடிப்பான் சுற்றும் போதும். உண்மையான பெட்டியின் இம்பல்ஸ் பதிவைப் பயன்படுத்தும் டிஜிட்டல் முறை இன்னும் நன்று. ஏற்கெனவே வீட்டிலிருக்கும் ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் துளையில் கொடுப்பதானால் சிமுலேஷனை அணைத்துவிட வேண்டும்.

அடுத்தது பிளேட் மின்னழுத்தம். 12ஏஎக்ஸ்7 அதன் இயல்போடு வேலை செய்ய 150 முதல் 300 வோல்ட் வரை தேவை. மலிவான பெட்டிகள் சிலவற்றில் குழாய்க்கு 12 வோல்ட் அளவே கிடைக்கிறது. கரகரப்பை உண்மையில் செய்வது உள்ளேயிருக்கும் ஓப்-ஆம்ப் சிப்பும் டயோடுகளும். குழாயின் பின்னால் ஆரஞ்சு எல்இடி விளக்கு வைத்து ஒளிரச் செய்பவையும் உண்டு. அடாப்டர் சிறியது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பிளாக்ஸ்டாரின் எச்டி வரிசைப் பெடல்கள் சிறு அடாப்டரில் இயங்கினாலும் உள்ளே 300 வோல்ட் உண்டாக்கிக்கொள்கின்றன. விவரத் தாளில் பிளேட் மின்னழுத்தம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதும், கேட்டுப் பார்ப்பதும்தான் வழி. குறைந்த மின்னழுத்தப் பெட்டி நன்றாக ஒலித்தால் அதை வாங்குவதில் தவறில்லை. குழாய்க்காகக் கூடுதல் விலை கொடுப்பதில்தான் தவறு.

மைக்குக்கான வால்வு பிரீஆம்ப்பைக் கிட்டாருக்கு வாங்கி ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. மைக் உள்ளீட்டின் மறிப்பு சில ஆயிரம் ஓம்தான். கிட்டார் பிக்கப்புக்கு 1 மெகா ஓம் வேண்டும். குறைந்தால் மேல் ஒலிகள் செத்து, கிட்டார் கம்பளி போர்த்தியது போலாகும். வயரும் இதே வேலையைச் செய்யும்: மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ பாரட் கொண்ட 5 மீட்டர் வயரில் 4 கிலோ ஹெர்ட்ஸ் அருகே இருக்கும் பிக்கப்பின் ஒத்ததிர்வு, 10 மீட்டர் வயரில் 3 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதனால் மேடையில் நீண்ட தூரத்தைப் பிரீஆம்ப்புக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைப்பது நல்லது.

இங்கே மெல்லிசைக் குழுவில் வாசிப்பவருக்குத் தெளிந்த தொனி தரும் சேனல் முதல் தேவை. திரைப்பாடல்களில் பெரும்பாலானவை அதைத்தான் கேட்கின்றன. காலால் மாற்றக்கூடிய இரண்டு சேனல் பெட்டி போதும். ஒரே கச்சேரியில் இருபது விதத் தொனி வேண்டுமென்றால் டிஜிட்டல் மாடலர்தான் பொருத்தம். அங்கே வால்வைப் பிடித்துத் தொங்குவது வீண்.

மின்சாரம்

திருப்பூரில் இந்தக் கருவிக்குப் பெரிய சோதனை மின்சாரம்தான். பனியன் கம்பெனியும் வீடும் ஒரே தெருவில் கலந்திருக்கும் ஊர் இது. நிட்டிங் மெஷின்களின் இன்வெர்ட்டர் டிரைவ்களும், ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களின் சர்வோ மோட்டார்களும் மின்கம்பியில் இரைச்சலை ஏற்றுகின்றன. கெயினை, அதாவது பெருக்கத்தைக் கூட்டினால் அதுவும் கூடவே பெருகும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் இரைச்சல் நீடித்தால் கோளாறு பிரீஆம்ப்பிலோ எர்த்திலோ இருக்கிறது. வால்யூமைத் திறந்து, கிட்டாரைத் திசை மாற்றிப் பிடிக்கும்போது இரைச்சல் மாறினால் பிக்கப்தான் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ளவர்கள் 1955-இல் கிப்சனுக்காக சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் வகைக்கு மாறினால் பாதித் தொல்லை தீரும். கிட்டாரின் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அதன் உள் கவசம் போதாது.

மிக்சரும் பிரீஆம்ப்பும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தால் அவற்றுக்கிடையே வளையம் உருவாகி 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரும். இரண்டையும் ஒரே பவர் போர்டில் செருகலாம். அல்லது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்டைப் போடலாம். உறுமலை நிறுத்த பிளக்கின் எர்த் முள்ளை வெட்டும் வழக்கம் சில மேடைகளில் இருக்கிறது. இது உயிரைப் பணயம் வைப்பது. கிட்டாரின் கம்பிகள் எர்த்தோடு இணைந்தவை; வாசிப்பவரின் கை கம்பியில் இருக்கும்போது உதடு மைக்கைத் தொடும்.

ஹீட்டர் மின்னழுத்தம் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டிக்கு இது 230 வோல்ட் வரிசையில் 207 முதல் 253 வரை என்று பொருள். திருவிழா ஜெனரேட்டரில் சீரியல் செட் விளக்குகள் ஒன்றாக எரிந்து அணையும்போது இந்த வரம்பு எளிதில் மீறும், ஸ்டெபிலைசர் தேவை. வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்கரிக்கும், சூடாகும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் அமெரிக்கப் பெட்டிக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாமல் போகலாம்: 60 ஹெர்ட்ஸுக்கென்று அளந்து சுற்றிய இரும்பு உள்ளகத்தில் நம் 50 ஹெர்ட்ஸ் 20 விழுக்காடு கூடுதல் காந்தப்பாயத்தை ஏற்றும். 50/60 என்று பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தால் கவலையில்லை.

வாசிப்பில்

பாஸ், மிட், டிரெபிள் என்ற மூன்று திருகுகள் ஃபெண்டர், மார்ஷல் வகைச் சுற்றில் ஒன்றையொன்று பாதிக்கும். எல்லாவற்றையும் நடுவில் வைத்தால் சமமான தொனி கிடைக்கும் என்று நம்புவது இயல்பு. உண்மையில் அங்கே நடு ஒலிகள் குழி விழுந்திருக்கும். மிட்டை முழுதாகத் திருகி, மற்ற இரண்டையும் குறைத்தால்தான் சமநிலைக்கு அருகே வரும். கீபோர்டும் ரிதம் பேடும் நிறைந்த மேடையில் கிட்டார் காதில் விழுவதும் அந்த நடு ஒலியால்தான்.

டிஸ்டார்ஷன் ஏற்றிய பிறகு இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டினால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய ஒலிகள் பிறக்கும். சட்ஜமும் பஞ்சமமும் 2:3 விகிதத்தில் இருப்பதால் அவற்றின் வித்தியாசம் கீழ் ஸ்தாயிச் சட்ஜமாகவே வந்து பொருந்துகிறது; ராக் இசையின் பவர் கார்டு இதனால்தான் உறுதியாக ஒலிக்கிறது. முழுக் கார்டுகளை அதே கெயினில் மீட்டினால் சேறாகும்.

ஒற்றைச் சுர வரிசையில் செல்லும் கர்நாடக இசைக்கு இந்தத் தொல்லை இல்லை. கமகத்துக்கு இன்றியமையாதது ஒலி நீடிப்பு. கம்பியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அசையும் நேரம் முழுதும் ஒலி சாகாமல் இருக்க வேண்டும். மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்மாண்டலினுக்குப் போனதில் இந்தத் தேவையின் பங்கு பெரிது. மின்கிட்டாரில் கர்நாடக இசையை வாசித்துவரும் பிரசன்னா 2006-இல் வெளியிட்ட ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாகச் செய்த தொகுப்பு. கீர்த்தனையின் நெளிவும் ராக் தொனியும் பகையல்ல என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. கமகம் பழக விரும்புவோர் கெயினை, மெதுவாக மீட்டும்போது தெளிவாகவும் அழுத்தினால் சற்றே மழுங்கவும் செய்யும் இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சுரத்தின் தொடக்கமும் அசைவும் ஒரே தடிப்பாகி, நுட்பம் தொலையும்.

பராமரிப்பு

பிரீஆம்ப் குழாய் பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும். ஆண்டுதோறும் மாற்ற வேண்டியதில்லை. பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி போல் ஒலித்தால் அது மைக்ரோபோனிக் ஆகிவிட்டது. முதல் கட்டத்தில் அதை வைக்கக் கூடாது. புதிய குழாய்கள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சரதோவ் ஆலை, சீன ஆலைகள் ஆகியவற்றிலிருந்தே வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. ஒன்றிரண்டு உபரி வாங்கி வைப்பது நல்லது. கெயின் மிகுதியாகத் தோன்றினால் அதே இடத்தில் 60 பெருக்கமுள்ள 12ஏடி7-ஐப் போடலாம். பழைய ரேடியோப் பெட்டியில் கிடைக்கும் இசிசி85 பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் முள் இணைப்பு வேறு; பொருந்தாது.

இந்த ஊரில் காற்றோடு வரும் பஞ்சு, பெட்டியின் காற்றுத் துளைகளில் படிந்து அடைத்துவிடும். உள்ளே வெப்பம் 10 டிகிரி கூடினால் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். வெளியிலிருந்து மென்மையான தூரிகையால் அவ்வப்போது துடைத்தால் போதும். மூடியைத் திறப்பது தெரிந்தவர் வேலை: சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட் வரை தேங்கியிருக்கலாம். மீட்டரால் அளந்து, ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்ட பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.