கோட்டை காத்த வாத்து

‘வாத்துமடையன்’ என்பது நம்மவர் நாவில் எளிதாக எழும் வசைச்சொல். அசைந்தசைந்து செல்லும் நடையையும், காரணமின்றிக் கத்துவதுபோல் தோன்றும் கூச்சலையும் கண்டு யாரோ ஒருவர் இப்பட்டத்தைச் சூட்டினார். ஏனையோர் ஆராயாமல் ஏற்றுக்கொண்டனர். அப்பறவையைப் புறக்கடையில் வளர்த்து, நள்ளிரவில் அது ஏன் கத்திற்றென்று விளக்கெடுத்துச் சென்று பார்த்தவர் எவரும் இவ்வசையை வழங்கார்.

தமிழில் சிறியதற்கும் பெரியதற்கும் வாத்து என்னும் ஒரே பெயர் வழங்குகின்றது. சிறியதைத் தாரா என்பாரும் உளர். நம்மோடு வாழும் மலாய் மக்கள் இவ்விரண்டையும் மயங்காது பிரித்துச் சிறியதை ‘ஈத்தே’ என்றும், பெரியதை ‘அங்சா’ என்றும் அழைக்கின்றனர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அங்சாவின் வரலாறேயாகும். இச்சொல் வடமொழி ‘ஹம்சம்’ என்பதன் திரிபு. இலத்தீன் மொழியின் ‘ஆன்செர்’, ஜெர்மானியரின் ‘கான்ஸ்’, ஆங்கிலத்தின் ‘கூஸ்’ ஆகியனவும் அதே குடும்பத்தைச் சார்ந்தன என்று மொழிநூலார் காட்டியுள்ளனர். நம் அன்னமும் அதனினின்று வந்ததேயென அகராதியார் குறிப்பர், மறுப்பாரும் உளர். பாலையும் நீரையும் பிரித்துண்ணும் என்று புலவர் புகழ்ந்த பறவை, இமயத்தைக் கடந்து பறந்து பனிக்காலத்தில் திருநெல்வேலிச் சீமைக் கூந்தன்குளம் வரை வந்திறங்கும் வரித்தலை வாத்தாக இருக்கலாமென்பது அறிஞர் சிலரின் கருத்து. அப்பறவை உண்பதோ புல்லும் தானியமும். அலகின் ஓரத்திலுள்ள பற்கள்போன்ற வரம்புகள் புல்லைக் கறிப்பதற்கு உதவுவன. பால் பிரிக்கும் வேலைக்கு அவை உதவா.

வீட்டில் வளரும் பெருவாத்துகள் இரண்டு காட்டினங்களின் வழித்தோன்றல்கள். ஐரோப்பிய வாத்து சாம்பல்நிறக் காட்டு வாத்தினின்றும், நெற்றியில் புடைப்புள்ள சீன வாத்து கிழக்காசியக் காட்டு வாத்தினின்றும் வந்தவை. சீனத்துச் செஜியாங் மாநிலத்தில் தியென்லோஷான் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தோர், ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மாந்தர் வாத்து வளர்த்தனர் என்று 2022-ஆம் ஆண்டு வெளியிட்டனர். அது உறுதிப்படுமாயின், மனிதன் முதலில் வளர்த்த பறவை கோழி என்னும் எண்ணத்தை நாம் கைவிட நேரும்.

இனி உரோமாபுரிக்குச் செல்வோம். கி.மு. 390 என்று மரபாகக் குறிக்கப்படும் ஆண்டில் கால் நாட்டுப் படையினர் அல்லியா ஆற்றங்கரையில் உரோமரை முறியடித்து நகருட் புகுந்தனர். எஞ்சியோர் கபிட்டோல் குன்றின்மேல் அடைபட்டுக் கிடந்தனர். ஓரிரவு பகைவர் பாறையைப் பற்றிக்கொண்டு ஓசையின்றி ஏறினர். காவலர் உறங்கினர், நாய்களும் குரைக்கவில்லை. யூனோ தேவிக்கென விடப்பட்டிருந்த வாத்துகளே சிறகடித்துக் கத்தின. உணவுப் பஞ்சத்திலும் அவற்றைக் கொன்று தின்னாது விட்டதே நகரத்தார் உயிர்பிழைத்ததற்குக் காரணமாயிற்று என்கிறார் லிவி என்னும் சரித்திர ஆசிரியர். கூச்சல் கேட்டு விழித்த மார்க்குஸ் மான்லியுஸ் என்பவர், முதலில் மேலேறிய பகைவனைத் தம் கேடயத்தால் இடித்துக் கீழே தள்ளினாராம்.

லிவி இதனை எழுதியது நிகழ்ச்சிக்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர் என்பதை மறத்தலாகாது. இறுதியில் உரோமர் ஆயிரம் இராத்தல் பொன் கொடுக்க இசைந்தே பகைவரைப் போக்க முற்பட்டனர் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். தோல்வியின் நினைவை மறைப்பதற்கு ஒரு வீரக் கதை வேண்டியிருந்தது போலும். ஆயினும் கதையின் நடுவிலுள்ள செய்தி, அதாவது நாயினும் முன்னதாக வாத்து விழிக்கும் என்பது, வாத்து வளர்ப்போர் எவர்க்கும் வியப்பளிக்காது.

நமக்கு வியப்பளிப்பது பின்னர் நடந்தது. உரோமர் ஆண்டுதோறும் ஒரு சடங்கு நடத்தினர். வாத்தொன்றைப் பல்லக்கில் ஏற்றி ஊர்வலம் விடுவர். நாய்களை உயிரோடு சிலுவையில் அறைவர். அன்றிரவு உறங்கிய நாய்கள் என்றோ மாண்டு மண்ணாயின. பல நூறாண்டுகள் கழித்துப் பிறந்த நாய் என்ன பிழை செய்தது? பல்லக்கில் சென்ற வாத்துதான் எந்தக் கோட்டையைக் காத்தது? பாட்டன் செய்த பிழைக்குப் பேரனைத் தண்டிப்பதும், பாட்டன் பெற்ற பெருமைக்குப் பேரனைச் சுமப்பதும் எந்நாட்டுச் சடங்காயினும் நாம் அறியாததன்று. பிளினி, புளூட்டார்க் ஆகிய இருவரும் இதனைக் குறித்துள்ளனர். ஊராட்சிக் குத்தகைகளை விடும் அதிகாரிகள் பதவியேற்றவுடன் முதலாவதாக விடுவது அவ்வாத்துகளின் தீனிக் குத்தகையே என்றும் பிளினி எழுதினார்.

மான்லியுஸின் கதி வேறு. கடனுக்காகக் கட்டி இழுத்துச் செல்லப்பட்ட ஏழைகளின் கடனைத் தம் கைப்பொருளால் அடைத்து மீட்டார் அவர். மேட்டுக்குடியினர் பொறுப்பரோ? அரசனாக முயன்றார் என்று குற்றஞ்சாட்டி, கி.மு. 384-இல் அவர் காத்த அதே குன்றின் பாறையினின்று அவரை உருட்டிவிட்டனர். வாத்துக்குப் பல்லக்கும், கடனாளியின் தோழனுக்குப் பாறையும் கிடைத்தன.

கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா, வாத்துப் பட்டிக்கு ஒன்பது அடி உயரச் சுவர் வேண்டுமென்றார். உள்ளே தாழ்வாரம், தாழ்வாரத்தின்கீழ் மூன்றடிச் சதுரமாகத் தனித்தனி அறைகள், ஒவ்வொன்றுக்கும் உறுதியான சிறு கதவு. ஓர் ஆணுக்கு மூன்று பெட்டை. இவற்றோடு, பட்டியின் ஒரு பக்கத்தில் காவற்காரனுக்கும் ஓர் அறை கட்டச் சொன்னார். கோட்டையைக் காத்த பறவைக்கே காவற்காரன் தேவைப்பட்டான்! இது நகைச்சுவையன்று. வாத்து எச்சரிக்கும், எதிர்த்து வெல்லுதல் எப்போதும் இயலாது. அடைகாக்கும் பெட்டை 28 முதல் 30 நாள் வரை நிலத்திலேயே அமர்ந்திருக்கும். அக்காலத்தில் அருகு நிற்கும் ஆண் கழுத்தை நீட்டிச் சீறினால் பூனையும் சிறுவரும் ஓடுவர். நரி ஓடாது.

நமது தோட்டப்புறங்களில் நரியின் தொல்லை இல்லை. மலைப்பாம்பும், உடும்பும், மரநாயும், உரிமையாளரற்ற நாய்களும் உண்டு. இரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் உதிர்ந்த பழத்தைத் தேடி எலி பெருகிற்று. எலியைத் தேடிப் பாம்பு பெருகிற்று. வாத்திருக்குமிடத்தில் பாம்பு வாராதென்று லயத்துப் பெரியவர் சொல்லக் கேட்டுள்ளோம். வாத்து பாம்பைக் கண்டு கத்துவது மெய். ஆனால் வளர்ந்த வாத்தையே விழுங்கவல்லது மலைப்பாம்பு. கோழிக்கூட்டிற்கு அடிக்கும் மெல்லிய அறுகோணக் கம்பிவலை உள்ளிருப்பதை வெளியே விடாமல் தடுக்குமேயன்றி வெளியிலிருப்பதைத் தடுக்காது. நாய் அதனைக் கடித்துக் கிழிக்கும், இளம்பாம்பு அதன் கண்ணினூடே நுழையும். அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த வலையை நிலத்தடியிலும் ஓரடி புதைத்து, கூரையையும் மூடி, மாலையில் அடைத்துவிடுவதே தக்க காவல். உடும்பு பகலில் வருமாதலால் முட்டைக்காலத்தில் பகலிலும் கண் வேண்டும்.

இங்கிலாந்தில் வாத்துக்கு வந்த கேடு விலங்கினால் வந்ததன்று. தானியேல் டீபோ 1724-இல் வெளியிட்ட பயண நூலில், நார்போக் சீமையினின்று ஆயிரமும் இரண்டாயிரமுமாக வாத்துகளை இலண்டனுக்கு நடத்திச் சென்றதை வருணித்தார். ஆகஸ்டு மாதம் அறுவடையாகுந் தறுவாயில் புறப்பட்டு, தாளடி நிலங்களில் மேய்த்துக்கொண்டே செல்வர். அக்டோபர் முடிவில் சேறு மிகுந்து குட்டைக்கால்கள் நடக்கவொண்ணாமற் போகும்வரை இது நடைபெறும். இவ்வாத்துகளுட் பல, சொந்த நிலமில்லாக் குடியானவர்களுடையவை. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமே அவர்களுடைய செல்வம். புல்லைத் தின்று இறைச்சியும், முட்டையும், மெத்தைக்கு இறகும் தரும் பறவையைத் தீனிச் செலவின்றி வளர்க்கலாமன்றோ?

அப்பொது நிலத்தைத்தான் பாராளுமன்றம் வேலியிட்டுப் பகிர்ந்தது. 1604 முதல் 1914 வரை 5,200-க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்து நிலத்தில் ஐந்திலொரு பங்கிற்குச் சற்று மேல், அவற்றுள் அடங்கிற்று. நிலவுரிமைப் பத்திரம் உடையவருக்குப் பங்கு கிடைத்தது. வழக்கத்தினால் மட்டும் மேய்த்துவந்தவருக்குப் பல ஊர்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. நரியிடமிருந்து காக்கக் கதவடைத்தால் போதும். சட்டத்திடமிருந்து காக்க ஏழையிடம் என்ன கதவிருந்தது? ஆங்கிலப் பள்ளியில் நாம் பயின்றபோது வேலியடைப்பு விவசாய முன்னேற்றம் என்றே கற்பிக்கப்பட்டது. விளைச்சல் பெருகியதும் உண்மையே. ஆனால் எவருடைய வாத்து போயிற்றென்று அப்பாடத்தில் ஒரு வரியும் இல்லை.

எழுத்துவேலை செய்து பிழைக்கும் நாம் மற்றொன்றையும் சொல்லாமல் விடலாகாது. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஃகுமுனைப் பேனா மலிவாகும்வரை, கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கும் கட்டளையும் எழுதப்பட்டது பெரும்பாலும் வாத்திறகினால்தான். வலக்கையால் எழுதுவோர்க்கு இடச்சிறகின் இறகே ஏற்றது. அதன் வளைவு கண்ணை மறையாது. சீனத்துக் கையெழுத்துக் கலைஞர் வாங் சீச்சி என்பார் நான்காம் நூற்றாண்டில் வாத்தின்பால் பேரன்பு கொண்டிருந்தாரென்றும், ஒரு நூலைப் படியெழுதிக் கொடுத்து அதற்கீடாக வாத்துகளைப் பெற்றாரென்றும் கதை உண்டு. நம் கையெழுத்திற்கு ஒரு முட்டையும் கொடுப்பாரில்லை.

இருபதாம் நூற்றாண்டில் வாத்தை உலகறியச் செய்தவர் ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரென்ஸ். முட்டையினின்று வெளிப்பட்ட குஞ்சு முதன்முதல் கண்ட அசையும் பொருளையே தாயாகக் கொண்டு பின்தொடரும் என்பதை அவர் 1935-இல் விரிவாக எழுதினார். 1973-இல் நோபெல் பரிசும் பெற்றார். அவரே 1938-இல் நாஜிக் கட்சியிற் சேர்ந்தார். 1940-இல் எழுதிய கட்டுரையில், வீட்டு விலங்குகள் காட்டினத்தினின்று இழிந்தனவென்றும், நாகரிக மாந்தரும் அவ்வாறே இழிகின்றனரென்றும் கூறி, இனத் தூய்மைக் கொள்கைக்கு அறிவியல் முத்திரை இட முற்பட்டார். புறக்கடைப் பறவையின் மேலும் குலப்பெருமை பேசுவார் கை நீண்டது!

வாத்து ஏன் எளிதில் விழிக்கிறதென்பதற்கு விடை பின்னர் வந்தது. அதன் உறவினமாகிய காட்டுத் தாராக்கள் வரிசையாய் உறங்கும்போது, ஓரத்திலிருப்பவை மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிட்டு வெளிப்புறக் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும் என்று 1999-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். கபிட்டோல் காவலருக்கு இவ்வித்தை தெரியவில்லை.

ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் மதுப் பீப்பாய்க் கிடங்குகளைக் காக்க 1959-இல் வெள்ளைச் சீன வாத்துகளை விட்டனர். அரை நூற்றாண்டுக்கு மேல் அவை கிடங்குகளிடையே புல் மேய்ந்து, அயலாரைக் கண்டால் கூச்சலிட்டுத் திரிந்தன. அவ்விடத்தைப் பார்க்க வந்தோர் கிடங்கைவிட வாத்தையே வியந்தனர். 2012-இல் அவ்வேலையைப் படக்கருவிகள் ஏற்றன. எஞ்சிய வாத்துகளுக்கு ஓய்வளித்து அனுப்பினர்.