பால்ரஸ் பிறந்த கதை

இத்தாலியில் நேமி என்றொரு ஏரி. 1920களின் கடைசியில் அதன் நீரை இறைத்து வற்றவைத்தபோது ரோமப் பேரரசன் கலிகுலா காலத்துக் கப்பல்கள் இரண்டு கிடைத்தன. அவற்றோடு, சுழலும் மேடை ஒன்றின் மரத்துண்டுகள்; மேடை சுழல அடியில் உருண்டைகள். ஆக, உருண்டைகளின் மேல் சுழலவைக்கும் யோசனைக்கு வயது 1,900க்கு மேல்.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியனார்டோ டா வின்சி இதைத் தன் நோட்டில் வரைந்தார். பக்கத்துப் பக்கத்து உருண்டைகள் தொட்டுக்கொண்டால், தொடுமிடத்தில் ஒன்று மேலே போகும், மற்றது கீழே வரும், உரசும். அதனால் அவற்றைத் தள்ளித் தள்ளி நிறுத்த ஒரு கூண்டும் போட்டார். இன்றைய பேரிங்கிலும் அதுதான் இருக்கிறது. 1794இல் வேல்ஸின் கார்மார்தன் ஊரைச் சேர்ந்த இரும்பு ஆலைக்காரர் ஃபிலிப் வாகன், வண்டி அச்சில் உருண்டை வைக்கக் காப்புரிமையே வாங்கிவிட்டார்.

ஆனாலும் வண்டிகள் என்னவோ அச்சில் மசகைத் தடவிக்கொண்டு கிறீச்சிட்டபடியேதான் ஓடின. லாபம் தெரியாமல் இல்லை. எண்ணெயிட்ட இரும்பின் மேல் இரும்பு வழுக்கினால், 1,000 கிலோ பாரத்துக்கு உராய்வு 100 கிலோ அளவுக்குக்கூடப் போகும். உருளும்போது தொடும் புள்ளி அந்தக் கணத்தில் ஏறக்குறைய வழுக்குவதே இல்லை. நல்ல பேரிங்கில் உராய்வு ஒன்றிரண்டு கிலோதான்.

சிக்கல் உருண்டையில் இருந்தது. ஒன்று மட்டும் துளி பெரிதானால் பாரமெல்லாம் அதன் தலையில். மற்றவை சும்மா கூட வரும். பெரிசு நொறுங்கும். சைக்கிள் கடையில் வீலைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவும்போது ஒரு பால்ரஸ் (அந்த உருண்டைதான்) உடைந்திருந்தால், விஷயம் தெரிந்த மெக்கானிக் அதை மட்டும் மாற்றமாட்டார். அந்தப் பக்கத்துக்கு மொத்தமாகப் புதுசு போட்டு, கிரீஸ் வைத்து, கோனை இறுக்குவார். தேய்ந்தவற்றின் நடுவே புதுசு ஒன்று வந்தால் அடுத்து உடைவது அதுதான்.

பால்ரஸுக்கு வாழ்வு கொடுத்ததும் சைக்கிள்தான். 1869 நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் முதலில் வந்தார். அவருடைய வண்டியில் இருந்தவை ஜூல் சூரிரே வடிவமைத்த பால் பேரிங்குகள். தேவை ஏறியது, ஆனால் ஒரே அளவு உருண்டைகளை ஆயிரக்கணக்கில் யார் செய்து தருவது?

1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் ஓர் இயந்திரம் செய்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எஃகு உருண்டைகளைச் சாணைப் பரப்புகளுக்கு நடுவே போட்டு எல்லாத் திசையிலும் உருளவிட்டால், மேடான இடம்தான் முதலில் சாணையில் படும். கூட்டத்தில் பெரிய உருண்டைதான் முதலில் அகப்படும். உருள உருள எல்லாமே ஒரே அளவாகிவிடும். ஒவ்வொன்றாக அளந்து செதுக்க வேண்டாம். எந்த உராய்வைத் தவிர்க்கப் பால்ரஸ் வந்ததோ, அந்த உராய்வேதான் அதை உருட்டி எடுத்தது!

பிறகு ஷ்வைன்ஃபுர்ட்டில் பேரிங் ஆலைகள் பெருகின. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் விமானம், டாங்கி எல்லாம் பெரிதும் அந்த ஒரே ஊரை நம்பியிருக்கும் நிலை வந்தது. எதிரிக்கு இது தெரியாமலா போகும்? 1943 அக்டோபர் 14 அன்று இரண்டாம் முறையாக அங்கே குண்டு வீசப் போன அமெரிக்கா, ஒரே நாளில் 60 குண்டுவீச்சு விமானங்களை இழந்தது.