நாணயத்தின் நாணயம்

நாணயம் என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். அமெரிக்கக் காசுச் சேகரிப்பின் வரலாறு இவ்விரண்டின் பிணக்காகவே அமைந்தது.

1949இல் வில்லியம் ஷெல்டன் பழஞ்செப்புக் காசுகளின் நிலையை 1 முதல் 70 வரையான எண்களால் அளக்கும் முறையை வகுத்தார். 1986 முதல் தனி நிறுவனங்கள் காசுகளுக்குத் தரமெண் இட்டுப் பிளாஸ்டிக் பேழையில் முத்திரையிடலாயின. 1995இல் ஈபே இணைய ஏலம் தோன்றியபின், தரமிடப்படாத காசுகளும் முகமறியாதோரிடையே கைமாறின. வாங்குவோர் கண்டது படம் மட்டுமே. எடையும் விளிம்பும் அதில் புலப்படா. தேய்த்துத் துலக்கிய தடமும் மறைந்துவிடும். ஆதலின் 1996இல் விற்பவருக்கே மதிப்பெண் இடும் முறை வந்தது: பாராட்டுக்கு ஒன்று கூடும், குறைக்கு ஒன்று கழியும்.

ஷெல்டனோ, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நற்காசுகளைக் கவர்ந்து, தம் தாழ்ந்த காசுகளை அவற்றின் இடத்தில் வைத்தவர் என்பது அவர் மறைவுக்குப் பின் வெளிப்பட்டது. காசை அளந்த கோல், அதை வகுத்தவரை அளக்கவில்லை.